ஒரு தவணை போதும் என்று எப்படித் தெரிந்தது?

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளை இருக்கும் வீட்டில் எச்.பி.வி. தடுப்பூசிப் பேச்சு வந்தால் மூன்று கேள்விகள் வரும். பயன் உண்டா? ஆபத்து உண்டா? எத்தனை ஊசி போட வேண்டும்? ஹைதராபாத்தின் திருமுல்கேரியிலும் அதைச் சுற்றிய கண்டோன்மென்ட் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கேள்விகள் மற்ற யாரையும் விட நெருக்கமானவை. மூன்றாவது கேள்விக்கு உலகம் நம்பும் பதிலைத் தந்த ஆய்வில் ஹைதராபாத்தும் ஒரு களம். ரெட் ஹில்ஸில் இருக்கும் எம்.என்.ஜே. அரசுப் புற்றுநோய் மருத்துவமனை அதில் பங்கெடுத்தது. இரண்டாவது கேள்வியில் ஒளிந்திருக்கும் பயமோ, இங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தள்ளி, கம்மம் மாவட்டத்தில் முளைத்தது. அந்த ஆய்வும் கம்மத்து ஊசித் திட்டமும் 2009-லும் 2010-லும் நடந்தவை. ஒன்று நின்றபோது மற்றொன்றும் நின்றது. அந்த நிறுத்தத்திலிருந்துதான் பதில் கிடைத்தது.

முதலில் வைரஸைப் பற்றிக் கொஞ்சம். எச்.பி.வி. என்னும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பல வகைகள் கை கால்களில் மருவை உண்டாக்குவதோடு சரி. ஒரு டஜன் வகைகள் மட்டும் புற்றுநோய் வரை கொண்டுபோகக் கூடியவை. அவற்றிலும் 16, 18 என்ற எண்ணிட்ட இரண்டுதான் மிக மோசமானவை. உலகில் வரும் கருப்பைவாய்ப் புற்றுநோயில் பத்துக்கு ஏழு இந்த இரண்டால் வருகிறது, இந்தியாவில் இந்தப் பங்கு இன்னும் கூடுதல். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் இந்த வைரஸுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்ததற்காக ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வைரஸ் உடலுறவின் வழியாகத் தொற்றுகிறது. இதைச் சொன்னவுடன் நம் வீடுகளில் பேச்சு நின்றுவிடுகிறது. 'நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு இது எதற்கு' என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வாழ்நாள் முழுவதும் கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் இந்தத் தொற்று வரும், ஏனென்றால் அவருக்கு முன் கணவருக்கு வந்திருக்கலாம். அவருக்கும் அது தெரிந்திருக்காது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, அறிகுறி எதுவும் இல்லை. திருமணமான ஆண், பெண் இருவரிலும் பெரும்பாலோர் வாழ்வில் ஒரு முறையாவது இதைத் தாங்கியிருப்பார்கள். யாருடைய நடத்தையையும் இது அளப்பதில்லை.

வந்த தொற்றில் பத்துக்கு ஒன்பது ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். உடலின் எதிர்ப்பாற்றல் அதைத் துடைத்துவிடும். மிச்சம் உள்ள சிலருக்கு அது போகாமல் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கிய தொற்றுதான் கருப்பைவாயின் செல்களை மெல்ல மாற்றி, பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக ஆக்குகிறது. இருபதுகளில் வந்து தங்கிய வைரஸ் நாற்பதுகளில், பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயதில், அம்மாவைத் தாக்குகிறது. 2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஒரே ஆண்டில் 1,27,526 பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்தது, 79,906 பேர் இறந்தனர். நாளுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட சாவுகள். இவற்றில் பெரும்பகுதி தடுத்திருக்கக் கூடியவை என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது? 1991-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயன் ஃபிரேசரும் ஜியான் சோவும் வைரஸின் வெளியுறைப் புரதத்தை மட்டும் தனியே உருவாக்க முடியும் என்று காட்டினார்கள். எல்-1 என்ற அந்தப் புரதத்தைப் போதிய அளவில் சேர்த்தால் அது தானாகவே ஒன்றோடொன்று கூடி, வைரஸைப் போலவே தோற்றமளிக்கும் உருண்டையாக மாறிவிடும். பருப்பு இல்லாத வேர்க்கடலைக் கோது மாதிரி, உள்ளே மரபணு எதுவும் கிடையாது. ஆகவே தொற்றவும் முடியாது, பெருகவும் முடியாது. உடலுக்கோ அது அசல் வைரஸாகவே படுகிறது. அதை எதிர்த்து எதிர்ப்புரதங்கள் உருவாகின்றன, பல ஆண்டுகள் ரத்தத்தில் நிலைத்திருக்கின்றன. கருப்பைவாயின் படலத்தில் ஏற்படும் மிகச் சிறிய கீறல் வழியாகத்தான் இந்த வைரஸ் உள்ளே நுழையும். அதே கீறலின் வழியாக ரத்தத்தின் எதிர்ப்புரதங்களும் அந்த இடத்துக்குக் கசிந்து வந்து, வைரஸ் செல்லுக்குள் புகும் முன்பே பிடித்துவிடுகின்றன. ஏற்கெனவே உள்ளே குடியேறிவிட்ட வைரஸை இந்த எதிர்ப்புரதங்களால் ஒன்றும் செய்ய முடியாது. வைரஸைச் சந்திக்கும் முன்பே, அதாவது சிறுமியாக இருக்கும்போதே, ஊசி போட வேண்டும் என்று மருத்துவர்கள் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம். இளம் வயதில் எதிர்ப்பாற்றல் கூடுதலாகப் பதில் தருகிறது என்பது இன்னொரு காரணம்.

சரி, புற்றுநோய் வர இருபது ஆண்டுகள் ஆகும் என்றால், தடுப்பூசி பலன் தருகிறதா என்று தெரிய இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. தொற்று தங்காவிட்டால் புற்றுநோய் இல்லை. ஆகவே இளம் பெண்களிடம் கருப்பைவாயிலிருந்து செல் மாதிரி எடுத்து, வைரஸின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று பார்த்தாலே போதும், சில ஆண்டுகளிலேயே விடை தெரிந்துவிடும். உலகெங்கும் தடுப்பூசித் திட்டங்களின் முதல் பலன் தெரிந்தது இந்த அளவில்தான்.

ஆஸ்திரேலியா 2007 ஏப்ரலில் பள்ளிச் சிறுமிகளுக்குத் தொடங்கியது. அதற்கு முன் 18 முதல் 24 வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேரிடம், தடுப்பூசி தடுக்கும் நான்கு வகைகளில் ஒன்றாவது இருந்தது. 2010-12-க்குள் அது நூற்றுக்கு ஏழுக்கும் கீழே வந்துவிட்டது. அதைவிட வியப்பு, ஊசி போடாத பெண்களிடமும் தொற்று குறைந்தது. ஊசி போட்டவர் வைரஸைக் கடத்துவதில்லை, கடத்துபவர் குறைந்தால் ஊசி போடாதவருக்கும் அது வந்து சேரும் வாய்ப்பு குறைகிறது. அமெரிக்காவில் 14 முதல் 19 வயதுப் பெண்களிடம் இதே வகைகள் பத்து ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் 88 சதவீதம் குறைந்தன. தொற்று குறைந்த இடங்களில் புற்றுநோயும் பின்னாலேயே குறைந்தது. ஸ்வீடனில் 17 வயதுக்கு முன் ஊசி போட்டவர்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவு என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடம் பரவும் நிலைக்குப் போன கருப்பைவாய்ப் புற்றுநோய் ஒன்றுகூடக் காணப்படவில்லை என்று 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். அண்டை நாடான பூட்டான் 2010-லேயே நாடு முழுவதும் தொடங்கிவிட்டது. இலங்கை 2017-இல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் பள்ளியிலேயே போட ஆரம்பித்தது.

இந்தியாவுக்கு இந்தத் தடுப்பூசி 2008-லேயே உரிமம் பெற்று வந்துவிட்டது. பிறகு ஏன் இத்தனை தாமதம்? இங்கேதான் கம்மம் வருகிறது.

2009 ஜூலையில், அன்று ஒன்றுபட்டிருந்த ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் ஒரு செயல்விளக்கத் திட்டம் தொடங்கியது. அமெரிக்காவைச் சேர்ந்த 'பாத்' என்ற தன்னார்வ நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் மாநில அரசோடும் சேர்ந்து நடத்தியது. பத்ராசலம், கொத்தகூடம், திருமலாயபாலம் ஆகிய மூன்று மண்டலங்களில் 10 முதல் 14 வயதுச் சிறுமிகள் ஏறத்தாழ 14,000 பேருக்கு ஊசி போடப்பட்டது. குஜராத்தின் வதோதராவில் வேறொரு நிறுவனத்தின் ஊசியோடு இதே போன்ற திட்டம் நடந்தது. கம்மத்துச் சிறுமிகளில் பலர் பழங்குடியினர், அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். வீடு தொலைவில். ஒப்புதல் யார் கொடுத்தது?

பின்னாளில் நாடாளுமன்ற நிலைக்குழு இதை விசாரித்து 2013 ஆகஸ்ட்டில் அறிக்கை கொடுத்தது. ஆந்திராவில் பார்வைக்கு வந்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். 1,948 படிவங்களில் கைநாட்டு இருந்தது. கைநாட்டு வைப்பதில் தவறில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய் தகப்பனுக்கும் தங்கள் பிள்ளையின் உடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை முழுமையாக உண்டு. அவர்களுக்கு யார், எந்த மொழியில், எவ்வளவு நேரம் எடுத்துச் சொன்னார்கள் என்பதுதான் கேள்வி. விடுதிக் காப்பாளர் கையெழுத்தோ அதைவிடக் கனமான விஷயம். ஊசி நல்லதாகவே இருக்கட்டும், பெற்றவர்களைக் கேட்காமல் அவர்கள் பிள்ளைக்குப் போட யாருக்கும் அதிகாரம் இல்லை.

2010 மார்ச்சில் 'சாமா' என்ற பெண்கள் நல அமைப்பு கம்மத்துக்குப் போய் விவரம் திரட்டி வெளியிட்டது. இரண்டு மாநிலங்களிலும் சேர்த்து ஏழு சிறுமிகள் இறந்திருந்தார்கள், ஆந்திராவில் ஐவர், குஜராத்தில் இருவர். செய்தி பற்றிக்கொண்டது. ஏப்ரலில் மத்திய அரசு திட்டத்தை நிறுத்தியது. அரசு அமைத்த விசாரணைக் குழு, அந்தச் சாவுகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று சொன்னது. பாம்புக் கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, மலேரியா என்ற காரணங்கள் பதிவாயின. அதே குழு ஒப்புதல் வாங்கிய முறையிலும், பின்விளைவுகளைக் கண்காணித்ததிலும் குறைகள் இருந்ததாகவும் பதிவு செய்தது. நாடாளுமன்றக் குழு இன்னும் கடுமையாகச் சாடியது. 'பாத்' நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டுகளை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

ஊசி கொல்லவில்லை. ஆனால் மக்களைக் கேட்காமல் செய்த காரியம் ஊசியின் மேல் இருந்த நம்பிக்கையைக் கொன்றது. ஒரு பழங்குடிச் சிறுமி பாம்பு கடித்து இறந்தாலும், 'ஊசி போட்ட பிறகு இறந்தாள்' என்ற பேச்சுதான் நிற்கும், ஏனென்றால் அவள் வீட்டாரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து யாரும் பேசவில்லை. அந்த அவநம்பிக்கையின் விலையை அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஊசி கிடைக்காமல் வளர்ந்த கோடிக்கணக்கான பெண்கள் கொடுக்கப்போகிறார்கள்.

கம்மத்தோடு சேர்ந்து நின்ற இன்னொன்று உண்டு என்று சொன்னேன் அல்லவா? அது முற்றிலும் வேறான, முறையாகத் திட்டமிட்ட ஆய்வு. பிரான்ஸின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை நடத்தியது. அப்போது அங்கே பணியாற்றிய இந்திய மருத்துவர் ஆர்.சங்கரநாராயணன் இதற்குத் தலைமை தாங்கினார். மூன்று தவணைக்குப் பதிலாக இரண்டு தவணை போதுமா என்று பார்ப்பதே நோக்கம். 10 முதல் 18 வயது வரையுள்ள, திருமணமாகாத 20,000 சிறுமிகளைச் சேர்க்கத் திட்டம். நாடு முழுவதும் ஒன்பது களங்கள்: மும்பை, டெல்லி, அகமதாபாத், புனே, பார்ஷி, ஐஸ்வால், சிக்கிம், நம் ஹைதராபாத், அப்புறம் திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கை. தெலங்கானாவில் வாழும் தமிழருக்கு இந்தப் பட்டியலில் இரண்டு ஊர்கள் சொந்தமானவை.

2009 செப்டம்பர் 1-இல் ஊசி போடத் தொடங்கினார்கள். 2010 ஏப்ரல் 8-இல் கம்மம் விவகாரத்தின் காரணமாக இதையும் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அதற்குள் 17,729 சிறுமிகள் ஊசி போட்டிருந்தார்கள். முதலில் சேர்ந்தவர்களுக்குத் திட்டமிட்டபடி இரண்டோ மூன்றோ தவணை முடிந்திருந்தது. பின்னால் சேர்ந்தவர்களுக்கு அடுத்த தவணைக்கு நாள் வருமுன்பே கதவு அடைபட்டது. ஏறத்தாழ 4,950 சிறுமிகள் ஒரே ஒரு தவணையோடு நின்றுபோனார்கள்.

ஆய்வாளர்கள் அத்தோடு கைகழுவியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஊசி போட முடியாவிட்டாலும் அந்தச் சிறுமிகளைத் தொடர்ந்து பார்ப்பது என்று முடிவெடுத்தார்கள். இந்த முடிவைத்தான் நான் இந்தக் கதையின் உச்சமாகப் பார்க்கிறேன். ஆண்டுக்கணக்காக வீடு தேடிப் போக வேண்டும். பள்ளி முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனவர்களைத் தேட வேண்டும். மாமியார் வீட்டில் நின்றுகொண்டு இதை விளக்கிச் சொல்ல வேண்டும். திருமணமான பெண்களிடம், கல்யாணமாகி ஒன்றரை ஆண்டிலோ முதல் குழந்தை பிறந்து ஆறு மாதத்திலோ, எது முன்போ அப்போது, முதல் செல் மாதிரி எடுத்தார்கள். பிறகு ஆண்டுக்கொரு முறை. ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயதில் ஊசி போடாத திருமணமான பெண்களையும் சேர்த்தார்கள். இந்த வேலையைச் செய்த களப்பணியாளர்களின் பெயர் எந்தத் தலைப்புச் செய்தியிலும் வந்ததில்லை.

பத்து மாதமோ அதற்கு மேலோ இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகளில் ஒரே வகை வைரஸ் இருந்தால் அதைத் தங்கிவிட்ட தொற்று என்று கணக்கிட்டார்கள். முன்பே சொன்னதுபோல ஆபத்தான தொற்று அதுதான். சராசரியாக ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்த பிறகு, 2021-இல் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் முடிவு வெளிவந்தது. 16, 18 வகைகளின் தங்கும் தொற்றைத் தடுப்பதில் மூன்று தவணை போட்டவர்களிடம் ஊசியின் திறன் 93.3 சதவீதம். இரண்டு தவணைக்கு 93.1. ஒரே தவணைக்கு 95.4.

ஒரு தவணையின் எண் கூடுதலாக இருப்பதால் அதுதான் சிறந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த அளவு வித்தியாசம் எண்ணிக்கையின் ஏற்ற இறக்கத்தில் அடங்கிவிடும். மூன்றும் ஏறத்தாழ ஒன்றே என்பதுதான் செய்தி. ஒரு தவணைக்கான கணக்கு 2,135 பெண்களைப் பார்த்துச் சொன்னது, சின்ன எண்ணிக்கை அல்ல. இது குலுக்கல் முறையில் அமைந்த ஒப்பீடு இல்லையே, அதை நம்பலாமா என்று கேட்பது நியாயம். யார் ஒரு தவணையோடு நிற்பது என்பதை அவர்களின் உடல்நிலையோ வீட்டு வசதியோ முடிவு செய்யவில்லை, பெரும்பாலும் சேர்ந்த தேதிதான் முடிவு செய்தது. அதனால் இதற்கு வலு உண்டு. அடுத்து, கென்யாவில் 15 முதல் 20 வயது வரையுள்ள 2,275 பெண்களிடம் முறையான குலுக்கல் முறையில் நடந்த ஆய்வு 2022-இல் முடிவைச் சொன்னது: ஒன்றரை ஆண்டில் ஒரு தவணையின் திறன் 97.5 சதவீதம். கோஸ்டாரிகாவிலும் ஒரு தவணையோடு நின்ற பெண்களிடம் பாதுகாப்பு பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது.

பல தடுப்பூசிகளில் இரண்டு மூன்று முறை நினைவூட்டினால்தான் உடல் கற்றுக்கொள்கிறது, இதில் ஒரு முறையே எப்படிப் போதுமாகிறது? அந்த வெற்று உறையின் மேல்பரப்பில் ஒரே அமைப்பு நெருக்கமாக, வரிசையாக, திரும்பத் திரும்ப வருகிறது. எதிர்ப்பாற்றல் செல்கள் இப்படிப்பட்ட அமைப்பைக் கண்டால் மிக வலுவாகக் கிளர்ந்தெழும். எலும்பு மஜ்ஜையில் நெடுங்காலம் வாழ்ந்து எதிர்ப்புரதம் சுரந்துகொண்டே இருக்கும் செல்கள் உருவாகிவிடுகின்றன என்று கருதுகிறார்கள். ஒரு தவணை போட்டவர்களிடம் எதிர்ப்புரதத்தின் அளவு மூன்று தவணை போட்டவர்களை விடக் குறைவுதான். ஆனால் அந்த அளவு ஆண்டுக்கணக்கில் சரியாமல் நிற்கிறது, இயற்கையாகத் தொற்று வந்து போனவர்களை விடக் கூடுதலாகவும் இருக்கிறது. இந்த வைரஸை மறிக்க அது போதுமானதாக இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் தன் பரிந்துரையை மாற்றியது. 9 முதல் 20 வயது வரை ஒன்றோ இரண்டோ தவணை போதும், 21 வயதுக்கு மேல் இரண்டு, எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு முடிந்தால் மூன்று. ஆஸ்திரேலியா 2023 பிப்ரவரியிலும் பிரிட்டன் அதே ஆண்டு செப்டம்பரிலும் ஒரு தவணைக்கு மாறின. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இன்று அந்த வழியில் இருக்கின்றன. கையில் இருக்கும் ஊசியைக் கொண்டு இரண்டு மடங்கு சிறுமிகளுக்குப் போடலாம். மலைக்கிராமத்துப் பள்ளிக்கு ஆறு மாதம் கழித்து மறுபடி போக வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் இன்று ஒரு சிறுமி ஒரே ஊசியோடு வகுப்புக்குத் திரும்புகிறாள் என்றால், அதில் ஹைதராபாத்தின், அம்பிளிக்கையின் பெண்களுக்குப் பங்கு உண்டு.

இங்கே நிலவரம் என்ன? சிக்கிம் 2018-இல் 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் போடத் தொடங்கி, 95 சதவீதத்துக்கும் மேல் எட்டியது. பள்ளி ஆசிரியர்களையும் பெற்றோரையும் முதலிலேயே கூப்பிட்டுப் பேசிவிட்டுத்தான் அங்கே ஊசியை எடுத்தார்கள். கம்மத்தில் விட்டுப்போனது சிக்கிமில் முதலில் நடந்தது. பஞ்சாப் 2016-லேயே பட்டிண்டா, மான்சா மாவட்டங்களில் ஆரம்பித்திருந்தது. 2022-இல் தேசிய ஆலோசனைக் குழு தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த ஊசியை ஊக்குவிப்போம் என்று மத்திய அரசு சொன்னது. தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாகப் போடுவதாக அறிவித்தது.

திருமுல்கேரி வழியாகப் போகும் ராஜீவ் ரஹதாரியில் அல்வால், பொல்லாரம் தாண்டிப் போனால் ஷாமீர்பேட்டைப் பக்கம் ஜீனோம் வேலி வரும். உலகுக்கே தடுப்பூசி அனுப்பும் இடம் அது. ஆனால் இந்தியாவின் முதல் எச்.பி.வி. ஊசி புனேயின் சீரம் நிறுவனத்திலிருந்து வந்தது. 'செர்வாவாக்' என்ற அது 2022 ஜூலையில் உரிமம் பெற்றது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளைத் தடுக்கும். தனியார் சந்தைக்கு வந்தபோது ஒரு தவணை சுமார் 2,000 ரூபாய். ஒன்பது வகைகளைத் தடுக்கும் வெளிநாட்டு ஊசி பத்தாயிரம் ரூபாயை ஒட்டி இருக்கும்.

தனியார் மருத்துவரிடம் போனால் 9 முதல் 14 வயது மகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை என்று அவர் சொல்லக்கூடும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. உரிமத்தில் அப்படித்தான் இருக்கிறது. மேலே சொன்ன இந்திய ஆய்வில் போட்டது கார்டாசில் என்ற ஊசி, ஒரு தவணைச் சான்று நேரடியாக அந்த ஊசிக்குரியது. ஒவ்வொரு புது ஊசியும் தன் சான்றைத் தானே காட்ட வேண்டும். இரண்டு தவணைக்குப் பணம் புரளாத வீட்டில், 'பிறகு பார்க்கலாம்' என்று ஒன்றையும் போடாமல் விடுவதுதான் பெரிய இழப்பு. மருத்துவரிடம் இதை வெளிப்படையாகவே பேசலாம்.

பக்கவிளைவுகள்? கையில் வலி, வீக்கம், சிலருக்குத் தலைவலி, லேசான காய்ச்சல். பதின்வயதுப் பிள்ளைகள் ஊசிப் பயத்தில் மயங்கி விழுவது உண்டு. எந்த ஊசிக்கும் அது நடக்கும். அதனால் போட்டபின் கால் மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். கடுமையான ஒவ்வாமை மிக அரிது. குழந்தை பிறக்காமல் போய்விடும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. ஹைதராபாத், அம்பிளிக்கைக் களங்களில் மாதிரி கொடுத்த பெண்களில் பலர் ஊசி போட்டு, கல்யாணமாகி, குழந்தை பெற்ற பிறகு வந்தவர்கள்தான். வதந்தி எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. 2013 ஜூனில் பக்கவிளைவுச் செய்திகளைக் கண்டு அரசு தன் பரிந்துரையை விலக்கிக்கொண்டது. எழுபது சதவீதமாக இருந்த ஊசி போடுவோர் எண்ணிக்கை ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. ஊசியால் கேடில்லை என்று உறுதியாகி 2022 ஏப்ரலில் மறுபடி தொடங்குவதற்குள் ஒன்பது ஆண்டுகள் போய்விட்டன.

பள்ளியிலிருந்து ஒப்புதல் படிவம் வந்தால், கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். எந்த ஊசி, யார் போடுகிறார்கள், எத்தனை தவணை, போட்டபின் பிள்ளைக்கு ஏதாவது என்றால் எந்த எண்ணில் யாரைக் கூப்பிடுவது? தெலுங்கில் வந்த படிவம் புரியாவிட்டால் புரியும் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். இதைக் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. மகளிடமும் பேசுங்கள், அவள் உடம்புக்குப் போடும் ஊசி அது. பதின்மூன்று வயதில் காரணம் புரியும்.

கடைசியாக, மகளுக்காகக் கேட்கும் அம்மாவுக்கு. முப்பது வயது தாண்டியவருக்கு இந்த ஊசியால் கிடைக்கும் பயன் குறைவு, தேவைப்படுவது பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் கருப்பைவாயில் அசெட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனை இலவசம், சில நிமிடங்களில் முடியும். எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை அதைவிடத் துல்லியம். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரை 1,31,746 பெண்களைக் கொண்டு சங்கரநாராயணன் குழு நடத்திய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. வாழ்வில் ஒரே ஒரு முறை அந்த டி.என்.ஏ. சோதனை செய்து, கண்டுபிடித்ததற்குச் சிகிச்சையும் கொடுத்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு பாதியாகக் குறைந்தது. ஊசி போட்ட மகளும் முப்பது வயதானதும் இந்தச் சோதனைக்கு வர வேண்டும், ஊசி தடுக்காத வகைகள் மிச்சம் இருக்கின்றன. மகளுக்கு ஊசி போட மருத்துவமனைக்குப் போகும் அன்றே அம்மாவும் தனக்குச் சோதனை செய்துகொண்டு வரலாம்.